அந்தச் சாக்கடை எங்கே போய் முடிகிறது?

கேள்வி: எங்கள் வார்டில் கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கப்போகும் ஒருவர் இப்போதே வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கிறார். தெருவுக்குத் தெரு சாக்கடை கட்டித் தருவேன், ஏரியைத் தூர்வாருவேன், நாய்த் தொல்லையை ஒழிப்பேன், சேலத்துக்குக் கூடுதல் விமானம் கொண்டுவருவேன் என்று அதில் இருக்கிறது. ஆள் நல்லவராகத்தான் தெரிகிறார். நம்பி ஓட்டுப் போடலாமா?
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: விமானத்தை முதலில் அடித்துவிடுங்கள் அம்மா. காமலாபுரம் விமான நிலையத்தில் எந்த விமானம் இறங்கும் என்பது மாநகராட்சி மன்றத்தில் முடிவாகிற விஷயம் இல்லை. நாயை ‘ஒழிப்பேன்’ என்பதும் அவர் கையில் இல்லை. நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போடுவது உள்ளாட்சியின் பொறுப்பு. 2023-ஆம் ஆண்டு விதிகள் அதைத்தான் சொல்கின்றன. அதை ஒழுங்காக நடத்த வைப்பேன் என்று எழுதியிருந்தால் நானே அவரைப் பாராட்டியிருப்பேன்.

அந்த நோட்டீஸில் என்னைப் பிடித்து நிறுத்தியது சாக்கடைதான். அதை முதல் வரியில் வைத்திருக்கிறாரே, அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ‘கட்டித் தருவேன்’ என்பதோடு நிறுத்திவிட்டார். கட்டுகிற சாக்கடை எங்கே போய் முடியும்? அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

தெருவில் சாக்கடை கட்டுவது சுலபம். டெண்டர் விட்டு, இரண்டு பக்கமும் தோண்டி, கான்கிரீட் போட்டு, மேலே சிலாப் மூடிவிடலாம். திறப்பு விழாவும் நடத்திவிடலாம். அடுத்த தெருவில் வாட்டம் சரியில்லை என்றால் முதல் மழைக்கே அந்தத் தண்ணீர் திரும்பி உங்கள் வாசலுக்கு வரும். வாட்டம் சரியாக இருந்தால் பள்ளத்தில் குடியிருக்கிற இன்னொருவர் வாசலில் போய் நிற்கும். நம் மாநகராட்சியில் 60 வார்டுகள். அவற்றின் எல்லையைத் தெருவை வைத்துப் பிரித்திருக்கிறோம்; தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது. மழை பெய்வது சேர்வராயன் மலையில், இறங்குவது அடிவாரத்து ஊர்களில், தேங்குவது நம் வீட்டு முன்னால். என் வார்டு, என் தெரு என்று பேசுகிற வேட்பாளர் யாராக இருந்தாலும், கீழே இருக்கிற வார்டுக்காரரிடம் பேசிவிட்டாரா என்று கேளுங்கள்.

மழைநீர் வடிகால் வேறு, வீட்டுக் கழிவுநீர் வேறு. இரண்டையும் ஒரே கால்வாயில் விட்டுப் பழகிவிட்டோம். செப்டிக் டேங்க் வழிகிற தண்ணீரைக்கூட வாசல் சாக்கடையில் திருப்பிவிட்டிருக்கிற வீடுகள் உங்கள் தெருவிலேயே இருக்கும், பாருங்கள். இதைப் பிரிப்பதற்காகத்தான் பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தது. ரோட்டைத் தோண்டிக் குழாய் பதித்தால் மட்டும் அந்தத் திட்டம் முடிந்துவிடாது. வீட்டு இணைப்பு வேண்டும், நீரேற்று நிலையம் ஓட வேண்டும், சுத்திகரிப்பு நிலையம் வேலை செய்ய வேண்டும். இதில் ஒன்று நின்றாலும் மொத்தக் கழிவும் ஏரிக்கோ திருமணிமுத்தாற்றுக்கோதான் போகும். சேலத்தில் அதற்கு வேறு போக்கிடம் கிடையாது.

திருமணிமுத்தாறு என்று எழுதினாலே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. ஊருக்குள் சுகவனேசுவரர் கோயில் பக்கமாக ஓடி, உத்தமசோழபுரத்தில் கரபுரநாதர் கோயிலைத் தொட்டு, நாமக்கல் மாவட்டத்து வயல்களைக் கடந்து காவிரியில் சேர்கிற ஆறு அது. அங்கவை, சங்கவை திருமணத்தை ஔவையார் நடத்தி வைத்த கதையை உத்தமசோழபுரத்துக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஆற்றை இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோம். நம் வீட்டுக் கழிவும் சாயப்பட்டறைத் தண்ணீரும் கலந்த அந்த நீர்தான் கீழே இருக்கிற விவசாயியின் வயலுக்கும் கிணற்றுக்கும் போகிறது. அவர் நம் ஊர் வாக்காளர் இல்லை என்பதால் எந்த வேட்பாளரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. இது அநியாயம்.

சரி, ஏரிக்கு வருவோம். தூர்வாருவது நல்ல காரியம்தான். 2010-இல் மூக்கனேரியைப் பொதுமக்கள் சேர்ந்து சீரமைத்தார்கள். வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள், பறவைகள் வந்தன. ஆனால் எந்த ஏரியிலும் கழிவுநீர் நுழைகிற வாயை அடைக்காமல் தூர்வாரினால் அது கழிவுக்கு இடம் ஒதுக்குகிற வேலை. கரையில் நடைபாதையும் கலர் விளக்கும் போட்டதை இந்தப் பக்கத்தில் நான் குறை சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு எழுதியவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: வரத்து வாய்க்கால்தான் ஏரிக்கு உயிர். உங்கள் வேட்பாளர் குமரகிரி ஏரியின் வரத்து வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பார்த்திருக்கிறாரா? பார்த்திருந்தால் நோட்டீஸில் ஒரு வரி வந்திருக்கும்.

பனமரத்துப்பட்டி ஏரிக்கும் அதில் இடமில்லை. 1911-இல் சேலத்துக்குக் குடிநீர் தருவதற்காகக் கட்டிய ஏரி, நம் மாநகராட்சியின் சொத்து. மேட்டூர்த் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்ததும் அதை மறந்துவிட்டு, சீமைக்கருவேலம் மண்ட விட்டோம். மன்றத்தில் உட்காரப் போகிறவருக்கு மாநகராட்சியின் சொத்து எது என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா?

கவுன்சிலர் பதவியைச் சின்னதாக நினைப்பதால்தான் விமானம் எல்லாம் நோட்டீஸில் வருகிறது என்று நினைக்கிறேன். எம்.எல்.ஏ. ஆவதற்கு முதல் படி என்று அதை நினைக்கிறவர்களோடு எனக்கு ரொம்ப நாளாகவே சண்டை. இந்த ஊரில் அந்த நாற்காலியின் பெருமை தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1882-இல் சேலம் நகராட்சி உறுப்பினராக இருந்த சி. விஜயராகவாச்சாரியார் மேல் கலவர வழக்குப் போட்டார்கள். அவர் போராடிக் குற்றமற்றவர் என்று நிரூபித்து வெளியே வந்தார். பின்னாளில், 1920-இல், நாகபுரி காங்கிரஸுக்கே தலைமை தாங்கினார். ராஜாஜி 1917 முதல் 1919 வரை இதே நகராட்சியின் தலைவர். இவர்கள் எல்லாம் குழாயும் குப்பையும் பற்றிப் பேசிய மன்றம் அது. உங்கள் வேட்பாளரும் அங்கேதான் போய் உட்காரப் போகிறார்.

இன்னொன்றையும் கண்டிப்பாகக் கேளுங்கள். அடைப்பு எடுப்பது யார், எதை வைத்து எடுப்பார்? சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படியும் தமிழ்நாட்டில் சாவு நிற்கவில்லை. இயந்திரம் போக முடியாத குறுகலான சந்தில் சிலாப் மூடிச் சாக்கடை கட்டினால், நாளைக்கு அடைத்துக்கொள்ளும்போது ஒரு தூய்மைப் பணியாளரைத்தான் உள்ளே இறங்கச் சொல்வார்கள். அந்தத் தொழிலாளியை மனதில் வைக்காமல் கட்டுகிற சாக்கடை எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நீங்களே தெரிந்துகொள்ளலாம். அக்கம்பக்கத்துப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு அவரைக் கூப்பிடுங்கள். உங்கள் வாசல் சாக்கடையிலிருந்து அது போய்ச் சேருகிற இடம் வரைக்கும் எல்லோரும் சேர்ந்து நடங்கள். ஜெயித்து வந்தால், வார்டு மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபையை ஒழுங்காகக் கூட்டுவாரா, நீங்கள் கேட்கிற கேள்வியைத் தீர்மானமாக எழுத வைப்பாரா என்று நடக்கும்போதே கேளுங்கள். 2022 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் விதிப்படி இருக்கின்றன. அவற்றைக் கூட்ட வேண்டிய பொறுப்பு கவுன்சிலருக்கு உண்டு. கடைசி வரை நடந்து வந்தார் என்றால், விமானத்தை மன்னித்துவிட்டு ஓட்டுப் போடுங்கள். பாதியில் திரும்பினால் எங்கே திரும்பினார் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.