வாடகைக்குப் போன ஜெனரேட்டர் வேறு கார்புரேட்டரோடு திரும்பினால்

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் மூன்று ஆண்டுகளாகச் சிறிய வாடகைக் கடை நடத்துகிறேன். ஜெனரேட்டர், புல்லும் புதரும் வெட்டும் பிரஷ் கட்டர், மரம் அறுக்கும் செயின் சா, பிரஷர் வாஷர் எல்லாம் வாடகைக்குத் தருகிறோம். சென்ற மாதம் பிரஷ் கட்டர் எடுத்துப்போன ஒருவர் திரும்பி வரவில்லை. அவரது கைபேசியும் அணைந்து கிடக்கிறது. அதே வாரம் ஒரு ஜெனரேட்டர் திரும்பி வந்தது. ஆனால் அதில் இருப்பது எங்கள் கார்புரேட்டர் இல்லை என்கிறார் மெக்கானிக். இயந்திரங்களில் கடைப் பெயரைப் பெயிண்டால் எழுதியிருப்பதைத் தவிர வேறு அடையாளம் இல்லை. என்ன செய்யலாம்? ஜிபிஎஸ் வைத்தால் போதுமா?

பதில்: இந்த இரண்டில் எனக்கு அதிகக் கவலை தருவது கார்புரேட்டர்தான். பிரஷ் கட்டர் போனது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கார்புரேட்டர் மாறியதை உங்கள் மெக்கானிக் கவனிக்காமல் விட்டிருந்தால், அதைப் பழுதுபார்ப்புச் செலவு என்று எழுதிவிட்டு நீங்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பீர்கள். இருபது ஆண்டுகளாக இந்த இயந்திரங்களைப் பிரித்து மாட்டும் வேலையில் இருக்கிறேன். நான் பார்த்தவரை, வாடகைக் கடைக்காரர்கள் பொருளை இழப்பது பெரும்பாலும் ஷட்டரை உடைத்தவனிடம் அல்ல; சீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போனவரிடம்தான்.

பெயிண்டில் எழுதிய பெயர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கைபேசி எண்ணோடு பெரிதாக எழுதுங்கள். எஸ்.பி. ரோட்டிலோ சிவாஜிநகரின் பழைய பொருள் வாங்கும் குஜிரிக் கடைகளிலோ அதை விற்கப் போகிறவனுக்கு அந்த எழுத்து ஒரு தொல்லை. ஆனால் தின்னரில் நனைத்த துணி பத்து நிமிடத்தில் அதைத் துடைத்துவிடும். அதன் பிறகு அந்த இயந்திரம் உங்களுடையது என்று எதைக் காட்டிச் சொல்வீர்கள்?

பன்ச் அடியுங்கள்; அதாவது எஃகு அச்சைச் சுத்தியலால் அடித்து உலோகத்தில் எழுத்தைப் பதியுங்கள். இரும்புக் கடையில் 4 மில்லிமீட்டர் எண், எழுத்துப் பன்ச் செட் கிடைக்கும். ஜெனரேட்டரின் இரும்புச் சட்டத்தில் ஒரு மூலையைத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். பின்னால் கனமான இரும்புக் கட்டையைத் தாங்கலாக வையுங்கள். பன்ச்சை நிமிர்த்திப் பிடித்து ஒரே அடி. இரண்டாவது முறை அடித்தால் எழுத்து இரட்டையாக விழும். கடையின் மூன்றெழுத்து, பிறகு இயந்திரத்தின் வரிசை எண், அவ்வளவு போதும். மேலே ஒரு பூச்சு பெயிண்ட் அடித்துவிட்டால் துருப்பிடிக்காது, கண்ணிலும் படாது. பன்ச்சில் இன்னொரு நன்மையும் உண்டு. அடி விழும்போது எழுத்துக்குக் கீழே உள்ள உலோகமும் நசுங்கி இறுகிவிடுகிறது. மேலே அரம் போட்டு ராவினாலும், தடய அறிவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவி அந்த எண்ணை மீட்க வாய்ப்பு இருக்கிறது. கீறி எழுதும் மின்சாரப் பேனாவில் இந்த ஆழம் வராது.

ஆனால் கண்ட இடத்தில் அடித்துவிடாதீர்கள். செயின் சா, பிரஷ் கட்டர் எஞ்சின்களின் உடல் மெல்லிய வார்ப்பு; சுத்தியல் பட்டால் விரிசல் விடும். அங்கேயும், பிரஷ் கட்டரின் அலுமினியக் குழாயிலும் மின்சாரப் பேனாதான் சரி. பிளாஸ்டிக் மூடிகளின் உட்புறத்தில் சால்டரிங் அயர்ன் முனையால் எழுதலாம். பெட்ரோல் டேங்கை மட்டும் எந்தக் கருவியாலும் தொடாதீர்கள்.

அடையாளம் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று எல்லோரும் பார்க்க. மற்றொன்று ஏர் ஃபில்டர் மூடிக்குள்ளோ, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யும் ரீகாயில் ஸ்டார்ட்டர் மூடியின் உட்பக்கமோ, நீங்களும் மெக்கானிக்கும் மட்டும் அறிந்த இடத்தில். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரை, மீட்ட பொருள்களை அடையாளம் காட்டக் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். துணைக்கு நானும் போனேன். முற்றத்தில் ஒரே நிறத்தில் நான்கு ஜெனரேட்டர்கள், நான்கிலும் ஸ்டிக்கர் உரிந்திருந்தது. அவர் ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி, மூன்றாவதின் ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். அதற்குப் பிறகு அங்கே யாரும் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இனி உங்கள் கார்புரேட்டர். கழற்றினால் காசாகும் பாகங்கள் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எண் வேண்டும்: கார்புரேட்டர், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில், செயின் சாவில் சங்கிலி ஓடும் பட்டையான ‘பார்’. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் செம்புக் கம்பிக்காகவே அதைக் கழற்றுகிறவர்கள் உண்டு. கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் நட்டின் மேல், நட்டும் போல்ட்டும் சேரும் இடத்தில், பளிச்சென்ற நிறத்தில் நெயில் பாலிஷ் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நட்டைத் திருகினால் கோடு உடையும். இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வாடிக்கையாளர் கிளம்புவதற்கு முன்பே, அவர் கண் முன்னால், கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இருபது ரூபாய் செலவு. இதைவிட மலிவான காவலாளி எனக்குத் தெரியாது.

தயாரிப்பாளர் போட்ட எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹோண்டா ஜிஎக்ஸ் வகை எஞ்சின்களில் அது எஞ்சினின் உடற்பகுதியான கிராங்க் கேஸிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்டில் (Stihl) நிறுவனச் செயின் சாக்களில் ஒன்பது இலக்க எண் இருக்கும். வாங்கிய பில்லில் அந்த எண் இல்லையென்றால், டீலரிடம் போய் எழுதி, முத்திரை போட்டு வாங்குங்கள்.

வாடகைச் சீட்டில் இந்த எண்கள், திரும்ப வேண்டிய தேதி, நேரம், இயந்திரத்தின் அன்றைய மதிப்பு எல்லாம் இருக்கட்டும். எடுத்துப்போகிறவர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்க, எண் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். டெபாசிட்டை அவருடைய சொந்த யுபிஐ கணக்கிலிருந்து வாங்குங்கள்; வங்கியில் பதிவான பெயர் திரையில் தெரியும். ஆதார் நகலை மட்டும் நம்பாதீர்கள், அதிலுள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து சரிபாருங்கள். மேஸ்திரி ஆளனுப்பி எடுத்தால், மேஸ்திரியிடம் பேசி, சைட் இருக்கும் இடத்தின் லொகேஷனை அவரிடமிருந்தே வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம், நேர்மையான வாடிக்கையாளர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை.

ஜிபிஎஸ் பற்றி: செல்ஃப் ஸ்டார்ட் ஜெனரேட்டரில் 12 வோல்ட் பேட்டரி இருப்பதால் அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியைப் பொருத்தலாம், பெரிய இயந்திரங்களுக்கு அது தகும். பிரஷ் கட்டருக்குப் பொருந்தாது. ஏர்டேக் போன்ற சிறு புளூடூத் டேக், பக்கத்தில் போகும் பிறர் கைபேசிகள் வழியாகத்தான் இடம் சொல்லும். கூட்டம் நிறைந்த பெங்களூரில் அது ஓரளவு வேலை செய்யும். ஆனால் ஏர்டேக் தாங்குவது 60 டிகிரி செல்சியஸ் வரைதான். சைலன்சர் அருகே வைத்தால் போயிற்று. இரும்புப் பெட்டிக்குள்ளும் சிக்னல் அடங்கிவிடும். மேலும், அறிமுகமில்லாத டேக் ஒன்று கூடவே வருகிறது என்று எடுத்துப்போனவரின் கைபேசியே அவரை எச்சரிக்கும். ஆகவே டேக் இருப்பதைச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். நேர்மையும் அதுதான், பயமுறுத்துவதும் அதுதான்.

காப்பீட்டில் ஏமாந்துவிடாதீர்கள். வழக்கமான கொள்ளைக் காப்பீடு, பூட்டை உடைத்து நுழைந்ததற்கான தடயம் கேட்கும். நீங்களே கொடுத்தனுப்பிய பொருள் திரும்பாவிட்டால் பணம் கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பிரீமியம் கட்டுங்கள்.

போன பிரஷ் கட்டருக்கு வருவோம். "இது கொடுக்கல் வாங்கல் தகராறு" என்று நிலையத்தில் திருப்பி அனுப்பப் பார்க்கலாம். நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையற்ற எண்ணத்தோடு அபகரிப்பது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின்படி நம்பிக்கை மோசடி. ஐந்து ஆண்டு வரை சிறை. அதைத் தெரிந்தே வாங்குகிறவர் மீது 317ஆம் பிரிவு பாயும். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் இருக்கும் குற்றங்களில், வழக்குப் பதியும் முன் 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தக் காவல் துறைக்கு அதிகாரம் உண்டு என்பதால் உடனே எஃப்ஐஆர் வராவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். பதிய மறுத்தால் மேலதிகாரிக்கு எழுத்தில் அனுப்பலாம், அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

அதற்கு முன், இன்றே, சீட்டிலுள்ள முகவரிக்கு ஏழு நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு வரிசை எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி, உங்கள் பகுதியிலும் ஓசூரிலும் உள்ள சர்வீஸ் சென்டர்களின் கவுண்டரில் கொடுத்து வையுங்கள். பிரஷ் கட்டர் என்றைக்காவது ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும், அன்றைக்கு யாராவது அதைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வருவார்கள்.