பல்கலைக்கழகத்துக்காகப் பெரிய பணக்காரர்களிடம் நன்கொடை கேட்பது எப்படி? கேட்கவே கூச்சமாக இருக்கிறதே?

நீங்கள் ஏதோ கல்லூரியில் முன்னாள் மாணவர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், மேலிடம் ஒரு பெயர்ப்பட்டியலை நீட்டிப் 'போய்க் கேளுங்கள்' என்று அனுப்பியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எனக்கும் இதே வேலைதான். இதே கேள்விக்குப் பதில் எழுதிய ஒருவர், நன்கொடை கேட்பதைக் 'கௌரவப் பிச்சை' என்று சொல்லியிருக்கிறார். அதைப் படித்தபின் சும்மா போக மனம் வரவில்லை.

பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார். அவர் தருமத்துக்கு விட்ட சொத்து வழக்கில் இழுபட்டு, 1842இல்தான் பள்ளிக்கூடமாயிற்று. கிண்டியில் ஏ.சி. டெக் என்கிற தொழில்நுட்பக் கல்லூரி 1944இல் அழகப்பச் செட்டியார் கொடுத்த பணத்தில் வந்தது. 2024இல் கிருஷ்ணா சிவுகுலா தான் படித்த சென்னை ஐ.ஐ.டி.க்கு 228 கோடி கொடுத்தார். இதெல்லாம் பிச்சையா?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகத் தொழிற்சாலை நடத்தும் பெரியவர், எங்கள் பழைய மாணவர். 'புது லேபுக்குக் கேளுங்க, ஒரு கோடிக்குக் குறையாதீங்க' என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். கீழ்ப்பாக்கத்து வீட்டில் காபி வந்தது. நான் நீட்டிய வண்ணக் கையேட்டை அவர் தொடவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்தார். அதில் மை மங்கிய எங்கள் ரசீது, ஐம்பதாயிரத்துக்கு.

"ஏம்மா, இந்தப் பணத்துல யாரு படிச்சா? ஒரு பேராவது சொல்லுங்க."

ரசீதோடு சரி, எங்களிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம்கூடப் போனதில்லை. லேப் பேச்சையே நான் எடுக்கவில்லை. "தேடிப் பார்த்துட்டு வரேன் சார்" என்று எழுந்தேன். கணக்குப் பிரிவில் பழைய பேரேடுகளைப் புரட்டியதில், அந்தப் பணம் திருத்தணிப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் ஹாஸ்டல் கட்டணத்துக்குப் போயிருந்தது தெரிந்தது. இப்போது அவள் வேலையில் இருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் பால்பாயின்ட் பேனாவில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். பெரியவர் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து அதை உரக்கப் படித்தார்.

லேப் வேண்டாம், ஹாஸ்டல் பிள்ளைகளுக்குத் தருகிறேன் என்று அவரே சொன்னார். அவர் அம்மா பெயரில் ஒரு கோடி வைப்புநிதி. அசலைத் தொடக்கூடாது, 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 7 லட்சம். யார் யாருக்குப் போனது என்று வருஷாவருஷம் அவருக்கு எழுத வேண்டும் என்பதை ஆடிட்டரை வைத்து ஒப்பந்தத்திலேயே சேர்த்தார். அதனால், நீங்கள் போகுமுன் அவர் முன்பு கொடுத்தது என்ன ஆயிற்று என்று பாருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு போனால் கூச்சம் வராது.

ஒருவர் கதையை வைத்து எல்லோருக்கும் அளக்காதே என்பீர்கள். கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்துக்குக் கமிட்டி, திட்ட அறிக்கை என்று வேறு வழி. நான் சொல்வது கைக்காசைக் கொடுப்பவர்களைப் பற்றி. தனியார் கல்லூரிக்கு எதற்குத் தானம் என்றும் கேட்பார்கள். கட்டணம் கட்ட முடியாத பிள்ளை எங்களிடமும் படிக்கிறதே!

இவ்வளவு செய்தும் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் பதினோரு மாத ஒப்பந்தம்தான். நன்கொடையாளர் வீட்டுக்குப் போன ஆட்டோ காசுக்கு பில் கேட்கிறார்கள். எந்த ஆட்டோக்காரர் பில் கொடுக்கிறார்? பேரேட்டைத் தேடிக் கொடுத்த கிளார்க்கை அந்த வைப்புநிதி விழாவுக்குக்கூடக் கூப்பிடவில்லை.

இன்னொன்று. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுக்க முன்வந்தால், வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உங்கள் நிறுவனத்துக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் பாங்க் பிரதான கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கேட்க உதவும் 80ஜி சான்றிதழை, நிதியாண்டு முடிந்து வரும் மே 31க்குள் கொடுத்துவிடுங்கள். புது வரி முறைக்கு மாறியவருக்கு அந்தக் கழிவு கிடையாது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.