பின்னிருக்கையில் இருந்தது யார்?

அன்புள்ள ஐயா,

நான் பெரம்பூரில் வசிக்கிறேன். என் அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதுகாப்புக் காலணி இல்லாமல் ஒரு நாளும் பட்டறைக்குள் கால் வைத்ததில்லை என்று இன்றும் பெருமையாகச் சொல்வார். அதே மனிதர் காரில் சீட் பெல்ட் அணிய மறுக்கிறார். எச்சரிக்கை ஒலி வராமலிருக்க ஒரு வெறும் கிளிப்பை வாங்கிச் செருகி வைத்திருக்கிறார். வண்டி ஓட்டேரி நல்லா கால்வாயில் விழுந்தால் பெல்ட்டோடு எப்படி வெளியே வருவது என்கிறார். நம் பக்கத்து நெரிசலில் யாரால் வேகமாகப் போக முடிகிறது, அதுதான் ஏர்பேக் இருக்கிறதே என்கிறார். கடைசியில், 'என் உயிர், என் இஷ்டம்' என்று முடித்துவிடுகிறார். சென்ற ஞாயிறு எண்ணூர் விரைவுச்சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே திரும்பியபோது அப்பா பிரேக் போட்ட வேகத்தில், மகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் அமர்ந்திருந்த நான் முன்னிருக்கையில் போய் இடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் அவர் மாறவில்லை. இது நம்மவர்களுக்கே உரிய அலட்சியமா? விதியை நம்பும் மனமா? அவரை எப்படி மாற்றுவது?

பெரம்பூர் வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை உங்கள் அப்பாவுக்காக, இரண்டாம் முறை உங்களுக்காக. பல ஆண்டுகளாக ஒரு தோள்பட்டையைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இந்தப் பதில். அந்தத் தோளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம்மவர்களுக்கே உரிய அலட்சியமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் எல்லாக் கோளாறுகளுக்கும் நம் பிறவிக்குணமே காரணம் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு சோம்பேறித்தனமான இன்பம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். பெல்ட் மாட்டினால்தான் வண்டி கிளம்பும் என்ற ஏற்பாட்டோடு 1974ஆம் ஆண்டுக் கார்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது மக்கள் கொதித்த கொதிப்பில், அதே ஆண்டே அந்நாட்டு நாடாளுமன்றம் அந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கக் கூடாதென்று சட்டம் செய்தது. பிரிட்டனில் முன்னிருக்கை பெல்ட்டைக் கட்டாயமாக்கும் முயற்சிகள் பல முறை தோற்று, 1983 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. தனிமனிதச் சுதந்திரம் என்ற பெயரில் அங்கே எழுந்த வாதங்களும் உங்கள் அப்பாவின் 'என் இஷ்டம்' என்ற சொல்லும் வேறு வேறல்ல. விதியைப் பற்றியும் பேச வேண்டாம். விதியை நம்புகிறவர் பாதுகாப்புக் காலணியை ஏன் அணிந்தார்?

நல்லாவில் விழும் கதையையும் ஏர்பேக் கதையையும் சுருக்கமாகவே முடிக்கிறேன். வண்டி நீரில் விழுந்தால் வெளியே வரக்கூடியவர் நினைவோடு இருப்பவர் மட்டுமே, விழுந்த அதிர்ச்சியில் நினைவு தப்பாமல் காப்பது அந்தப் பட்டைதான், நினைவோடு இருப்பவருக்குச் சிவப்புப் பொத்தானை அழுத்த ஒரு விரல் போதும். ஏர்பேக் இருக்கும் ஸ்டியரிங்கில் எஸ்.ஆர்.எஸ். என்று மூன்று எழுத்துகள் பொறித்திருக்கும். அவற்றில் முதல் எழுத்துக்கே 'துணை' என்றுதான் பொருள், அதாவது பெல்ட்டுக்குத் துணை. கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும் அந்தப் பையின் மேல் பெல்ட் இல்லாத உடம்பு முன்னதாகவே போய்ச் சாய்ந்திருந்தால், காப்பாற்ற வந்ததே அடித்துவிடும். அந்தக் கிளிப்பைப் பற்றி ஒரு தகவல்: 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்கள் மீது நடவடிக்கை எடுத்ததில் அத்தகைய கிளிப்புகளுக்கான 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. ஒரு ஒலியை அடக்குவதற்கு இந்த நாட்டில் எத்தனை கடை விரித்திருந்தார்கள் என்று பாருங்கள்.

வேகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தண்டையார்பேட்டையிலும் காலடிப்பேட்டையிலும் இதைச் சொல்லாதவர் இல்லை. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் நம் கண்ணுக்கு ஊர்வதாகத் தெரிகிறது. நாற்பதில் போகும் வண்டி சட்டென்று எதன் மீதாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாமல் இருக்கும் உடம்புக்கு அது ஆறு மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். வாரியக் குடியிருப்பின் இரண்டாம் மாடியிலிருந்து யாரும் 'மெதுவாகத்தானே விழப்போகிறேன்' என்று குதிப்பதில்லை. ஐம்பதில் போனால் ஏறக்குறைய பத்து மீட்டர், மூன்றாம் மாடி.

இனி உங்களிடம் வருகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அப்பாவைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், நடுவில் ஒரு வாக்கியத்தை எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்! மகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் அமர்ந்திருந்தீர்கள், முன்னிருக்கையில் போய் இடித்துக்கொண்டீர்கள். அதாவது நீங்களும் பெல்ட் அணியவில்லை, உங்கள் குழந்தைக்கும் எந்தக் கட்டும் இல்லை. பெற்ற கைகள் பிள்ளையை விடாது என்பது தாலாட்டில் சரி, மோதலில் சரியல்ல. அந்த ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் உங்கள் குழந்தையின் எடை இருபது மடங்காகிவிடும், பன்னிரண்டு கிலோ பிள்ளை இருநூற்று நாற்பது கிலோவாக உங்கள் கைகளிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தே உரமேறிய கைகளாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. உங்கள் உடம்பும் கட்டப்படாமல் பின்னாலிருந்து வருவதால், பிள்ளை உங்களுக்கும் முன்னிருக்கைக்கும் இடையில் நசுங்கும். இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது. ஆனாலும் நீங்கள் வாசித்தாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு பெரியவர்களுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் விதிப்பதோடு நிற்கவில்லை, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் செல்வதற்கும் அதே அபராதத்தை விதிக்கிறது.

உங்களைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு எப்படி வந்ததென்று கேட்பீர்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

2009இல் பொன்னேரியில் ஒரு திருமணம் முடிந்து, மீஞ்சூர், மணலி வழியாக இரவில் தண்டையார்பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியவன் என் மைத்துனன். அவன் பெல்ட் அணிந்திருந்தான், வழியில் சோதனை இருக்கும் என்பதற்காக. அவனுக்கு நேர் பின்னால் நான். கிளம்பும்போது என் கை இயல்பாகப் பட்டையை இழுத்தது. கண்ணாடியில் அதைப் பார்த்த அவன், "இன்னா மாமா, எம்மேல நம்பிக்க இல்லியா?" என்றான். நான் அவன் அக்காவின் கணவன் என்ற உரிமையில் அவன் செய்த கேலி அது. நானும் சிரித்துக்கொண்டே பட்டையை விட்டுவிட்டேன், அது சுருண்டு தன் கூட்டுக்குள் போன சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. விரைவுச்சாலையில் பின்விளக்கு எரியாமல் நின்றிருந்த டிரெய்லரை அவன் கடைசி நேரத்தில்தான் பார்த்தான். பிரேக் பாதி வேலையைச் செய்தது, மீதியை டிரெய்லரின் இரும்பு செய்தது. பெல்ட் அவனை ஸ்டியரிங்கில் மோதவிடாமல் பிடித்துக்கொண்டது. அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தவனின் முதுகில், இருக்கையோடு சேர்த்து, எண்பத்திரண்டு கிலோ எடையுள்ள நான் போய் விழுந்தேன். எனக்கு நெற்றியில் ஏழு தையல். அவனுக்கு வலது காறை எலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்தன. படத்தை விளக்குக்கு முன் தூக்கிப் பிடித்துப் பார்த்த மருத்துவர், "இவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது யார்?" என்று கேட்டார். நெற்றியில் கட்டோடு நின்றிருந்த நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் குற்றம் செய்த பையனைப் போல.

மைத்துனன் எங்கள் தெருக் கேரம் மன்றத்தில் பேர் பெற்ற ஆட்டக்காரன். எலும்பு கூடிவிட்டது, ஆனால் தோள் பழைய தோளாக இல்லை. இன்றும் ஸ்ட்ரைக்கரில் விரல் வைப்பதற்கு முன் ஒருமுறை தோளைச் சுழற்றிக்கொள்வான். என்னை அவன் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

ஆகவே 'என் உயிர், என் இஷ்டம்' என்ற வாக்கியத்தை நான் எளிதில் விடப்போவதில்லை. உயிர் அவருடையதாகவே இருக்கட்டும், உடம்பும் எடையும் மோதும்வரைதான் அவருடையவை. மோதிய பிறகு அது வண்டிக்குள் வீசப்பட்ட ஒரு பொருள். அது யார் மேல் விழ வேண்டும் என்பதில் அவருடைய இஷ்டத்துக்கு இடமே இல்லை. பின்னிருக்கைக்காரர் ஓட்டுபவரின் முதுகில் விழுவார், முன்னிருக்கைக்காரர் பக்கத்தில் இருப்பவரின் தலையில் மோதுவார், வண்டி உருண்டால் எல்லோரும் எல்லோர் மேலும் விழுவார்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சீட் பெல்ட் அணியாமல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 16,715 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 8,331 பேர், அதாவது ஏறக்குறைய பாதிப் பேர், ஓட்டியவர்கள் அல்லர், உடன் அமர்ந்திருந்தவர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில், பெல்ட் அணியாமல் பின்னிருக்கையில் இருந்த இருவரும் இறந்தார்கள், முன்னிருக்கையில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்னிருக்கை பத்திரமானது என்ற எண்ணத்தோடு நாம் பெரியவர்களையும் பிள்ளைகளையும் அங்கே ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது வேறொன்று. அபாயம் தெரிந்த என் கை ஏன் அந்தப் பட்டையை விட்டது? மூன்று முனைப் பட்டையை 1959இல் வோல்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்த நீல்ஸ் போலின், அதற்கு முன் போர் விமானங்களில் விமானியை வெளியே வீசிக் காக்கும் இருக்கைகளை உருவாக்கியவர். உயிர் பிழைக்க விமானிகள் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்வார்கள், காரில் போகிறவர்களோ ஒரு நிமிட அசௌகரியத்தையும் பொறுக்க மாட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். பெரிய பொறியாளர், ஆனால் இதில் நான் அவரோடு உடன்பட மாட்டேன். என் கை அசௌகரியத்தால் விடவில்லை, மரியாதையால் விட்டது. விமானி பெல்ட் அணிந்தால் யாருக்கும் மனம் புண்படாது. உங்கள் அப்பா காலணி அணிந்தபோதும் அப்படித்தான், அது பட்டறையின் விதி, பக்கத்துத் தொழிலாளியைச் சந்தேகிப்பதாகாது. சொந்தக்காரன் ஓட்டும் வண்டியில் அணியும் பெல்ட்தான் அவன் முகத்துக்கு நேரே சொல்லப்படும் ஒரு வாக்கியமாகிவிடுகிறது. தானே ஓட்டும்போது அது தனக்குத்தானே சொல்லிக்கொள்வது: என் கை தவறக்கூடும் என்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரும்பை இழைத்து அளவு பிசகாமல் பொருத்திய ஒரு கைக்கு அதை ஒப்புக்கொள்வது எளிதல்ல. தமிழில் கட்டு என்ற சொல்லிலிருந்துதான் கட்டுப்படுதலும் வருகிறது, வீட்டுக்கே தலைவரான ஒருவர் தன் வண்டியில், தன் இருக்கையில் கட்டுப்பட மறுக்கிறார். காசிமேட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் மிதவை அங்கியை மடித்துத் தலைக்கு வைத்துப் படகில் படுத்திருப்பார். கேட்டால் கடலைக் காட்டிச் சிரிப்பார்.

ஆனால் இதே ஊரில் வேறொரு வழக்கமும் இருக்கிறது. கைமாற்றாகக் கொடுத்த பணத்தைக் கொடுத்தவர் எதிரிலேயே எண்ணுவது அவமரியாதை. அதனால் கொடுப்பவரே முந்திக்கொண்டு, "எண்ணிப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிடுகிறார். சொன்ன பிறகு எண்ணுவது மரியாதையாகிவிடுகிறது, எண்ணாமல் பையில் போட்டால்தான் அவருக்குக் குறை. விபத்துக்குப் பிறகு மைத்துனன் மறுபடி வண்டி எடுத்த முதல் நாள், நான் ஏறி உட்கார்ந்ததும், அவன் சாவியைத் திருப்பாமல் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "போட்டுக்கோ மாமா" என்றான். அன்று முதல் அவன் வண்டியில் யார் ஏறினாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறான், தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதைப் போல.

உங்கள் அப்பாவுக்குப் புள்ளிவிவரங்களைப் படித்துக் காட்டாதீர்கள், இந்தக் கடிதத்தையும் காட்டாதீர்கள். பேத்திக்கு ஒரு குழந்தை இருக்கை வாங்கி, அதை வண்டியில் பொருத்தித் தரும்படி அவரிடம் கேளுங்கள். ஃபிட்டர் அவர், பட்டை எங்கே தொய்கிறது, எங்கே இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று உங்களை விட நன்றாகப் பார்ப்பார். பேத்தியின் பெல்ட்டை மாட்டும் பொறுப்பும் வண்டிக்காரரான அவருடையதாகவே இருக்கட்டும். அந்தக் கிளிப்பை எப்போது கழற்றுவது என்பதை அவரே முடிவு செய்வார். அதற்கு முன் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. நம் வண்டிகளில் சீட் கவர் போட்டவர்கள் பின்னிருக்கை பெல்ட்டின் கொக்கிகளைப் பெரும்பாலும் உறைக்கு அடியில் புதைத்துவிடுகிறார்கள், உங்கள் வண்டியிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த ஞாயிறு கிளம்புவதற்கு முன் இருக்கை இடுக்கில் கையை விட்டு அவற்றை வெளியே எடுத்து வையுங்கள்.

அன்புடன்.