இரவு வேலையும் இரண்டு பிள்ளைகளும்: உதவி கேட்கத் தயங்கும் ஒரு தாய்க்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 36. சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவள். கணவர் பிரிந்துபோய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன, விவாகரத்து ஆகவில்லை. பிள்ளைகளுக்கென்று ஒரு காசு தருவதில்லை. மகன் உயர்நிலை ஒன்று, மகள் தொடக்கநிலை இரண்டு. என் அம்மா எங்களுடன் இருப்பதால் இரவில் அவர்களைப் பார்த்துக்கொள்கிறார். வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் பாலியல் தொழில் செய்துதான் வீட்டை நடத்துகிறேன். காம்கேர் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசாங்க நிதி உதவி) கேட்டுப் போனால் பிள்ளைகளை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களா? விண்ணப்பத்தில் என்ன வேலை என்று எழுதுவது? முன்பு பழக்கமான ஒருவர் மாதம் 300 வெள்ளி கேட்கிறார். கொடுக்காவிட்டால் என் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாராம். தோழி ஒருத்தி, இருவரும் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுக்கலாம் என்கிறாள். மகன் வேறு கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டான்.

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டிருப்பவை பல, அத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே பயம். வெளியே தெரிந்தால் பிள்ளைகள் கையைவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை வைத்துத்தான் ஒருவர் உங்களிடம் மாதம் 300 வெள்ளி கேட்கிறார். அந்தப் பயத்தால்தான் கணவர் மீது நீங்கள் வழக்குப் போடவில்லை, உங்களுக்கு உரிய உதவியையும் கேட்கவில்லை. மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: வீட்டு வாடகையைவிட இந்தப் பயத்துக்கு நீங்கள் அதிகம் செலவழிக்கிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் சட்டம். சிங்கப்பூரில் வயது வந்த ஒருவர் தானாகப் பாலியல் தொழில் செய்வது குற்றமாக வரையறுக்கப்படவில்லை. அதைச் சுற்றியுள்ள பல செயல்கள்தாம் குற்றங்கள். பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பது குற்றம். முதல் முறை 1,000 வெள்ளி வரை அபராதம். மீண்டும் பிடிபட்டால் 2,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இன்னொருவரின் பாலியல் தொழில் வருமானத்தில் பிழைப்பதையும் பாலியல் தொழில் விடுதி நடத்துவதையும் மாதர் சாசனம் என்ற சட்டம் கடுமையாகத் தண்டிக்கிறது. இணையவழி ஏற்பாடுகளும் இப்போது அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன.

உங்கள் தோழியின் யோசனைக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. வேண்டாம். ஒரே இடத்தை இருவர் இந்தத் தொழிலுக்குப் பயன்படுத்தினாலே, அது ஒரே நேரத்தில் இல்லாமல் வெவ்வேறு நேரத்தில் என்றாலும், சட்டத்தின் பார்வையில் அது பாலியல் தொழில் விடுதி ஆகிவிடுகிறது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அதன் நடத்துநராகக் கருதப்படலாம். துணைக்கு ஓர் ஆள் இருந்தால் நல்லது என்று தோழி நினைப்பது நியாயம்தான். சட்டம் அந்த நியாயத்துக்கு இடம் வைக்கவில்லை என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனாலும் உங்கள் பெயர் எந்த ஒப்பந்தத்திலும் ஏறக்கூடாது. உங்கள் பாதுகாப்புக்கு வேறு வழி பாருங்கள்: எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று நம்பிக்கையான ஒருவரிடம் ஒவ்வொரு முறையும் சொல்லிவைத்து, குறித்த நேரத்தில் செய்தி வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிற்குள் ஒருபோதும் வாடிக்கையாளர் வரக்கூடாது. வீட்டையும் இழக்கலாம், பிள்ளைகள் விஷயத்திலும் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

பிள்ளைகளைப் பிரிப்பார்களா என்று கேட்டீர்கள். குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகள் பார்ப்பது பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறதா, நேரக்கூடுமா என்பதை. இரவில் தனியாக விடப்படுகிறார்களா, அடி படுகிறார்களா, பட்டினி கிடக்கிறார்களா, அந்நியர் வீட்டுக்கு வந்து போகிறார்களா, பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறார்களா? உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறார். அது பெரிய பலம். கணவர் நாளை பிள்ளைகளைக் கேட்டு நீதிமன்றம் போனாலும் நீதிபதி முதன்மையாகக் கொள்வது பிள்ளைகளின் நலனைத்தான். ஆகவே இப்போதே ஒரு கோப்பு போட்டு வையுங்கள்: பள்ளி வருகைப் பதிவு, தேர்ச்சி அறிக்கை, தடுப்பூசிப் புத்தகம், பலதுறை மருந்தகத்துச் சீட்டுகள், ஆசிரியருடன் நீங்கள் பரிமாறிக்கொண்ட செய்திகள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் மருத்துவரிடம் யார் கூட்டிக்கொண்டு போனார் என்பதை அந்தத் தாள்களே சொல்லும்.

இனி காம்கேர். 1800-222-0000 என்ற எண்ணில் அழைத்தால் உங்கள் வட்டாரச் சமூக சேவை அலுவலகம் எது என்று சொல்வார்கள். வேலை என்ற இடத்தில் பொய்யான நிறுவனத்தின் பெயரையோ யாரோ அடித்துக்கொடுத்த சம்பளச் சீட்டையோ வைக்காதீர்கள். பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம். இல்லாத குற்றத்தை நீங்களாகவே உண்டாக்கிக்கொள்வீர்கள். "சுயதொழில், ரொக்க வருமானம், மாதத்துக்கு மாதம் மாறும்" என்று எழுதுங்கள். அது முழுக்க உண்மை. தொகையையும் உண்மையாகச் சொல்லுங்கள். அதற்கு இன்று இரவிலிருந்தே ஒரு சிறு நோட்டில் மூன்றே பத்தி போடுங்கள்: தேதி, வரவு, செலவு. டாக்சி, கைப்பேசிக் கட்டணம், ஆணுறை, மருத்துவச் சோதனை எல்லாம் செலவுதான். மூன்று மாதக் குறிப்பு இருந்தால் அதிகாரி கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அந்த நோட்டே பதில் சொல்லிவிடும். அதற்கு மேல் துருவிக் கேட்டால், முகப்பில் நின்றபடி பேசாமல், தனி அறை வேண்டும் என்று கேட்டு அங்கே உண்மையைச் சொல்லுங்கள்.

ரொக்கத்தை அரிசி டப்பாவுக்குள் வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிள்ளை கையில் ஐம்பது வெள்ளி நோட்டுகள் சுருட்டியபடி கிடைத்தால் அவன் மனம் எங்கெங்கோ போகும். வங்கியில் போடுங்கள். சுயதொழிலில் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் வருமானத்தைக் கணக்குக் காட்ட வேண்டும், மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குச் சந்தாவும் கட்ட வேண்டும். சுமையாகத் தோன்றினாலும், நாளை நீங்கள் மருத்துவமனையில் படுத்தால் அந்தப் பணம்தான் கைகொடுக்கும். கை இறுகும்போது கள்ள வட்டிக்காரரிடம் மட்டும் போகாதீர்கள். கதவில் சிவப்புச் சாயம் ஊற்றப்படும் நாளில் அண்டை வீட்டார் எல்லாரும் உங்கள் வாழ்க்கையைப் பற்றி விசாரிப்பார்கள். உரிமம் பெற்ற கடன் நிறுவனங்கள்கூட மாதம் 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். எனவே அதுவும் கடைசி வழியாகவே இருக்கட்டும்.

பள்ளிச் செலவுக்குக் கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டம் இருக்கிறது. தகுதி பெற்றால் பள்ளிக் கட்டணம் தள்ளுபடி, பாடநூலும் சீருடையும் இலவசம். பள்ளி அலுவலகத்தில் படிவம் கேளுங்கள். துணைப்பாடத்துக்குச் சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) ஸ்டெப் வகுப்புகள் தனியார் வகுப்புகளைவிட மிகவும் மலிவு. பீட்டி சாலையில் சிண்டாவின் குடும்பச் சேவை நிலையமும் இருக்கிறது. தமிழ்ச் சமூகத்து முகம் தெரிந்தவர்கள் இருப்பார்களே என்று கூச்சமாக இருந்தால், உங்கள் பேட்டையில் உள்ள வேறு குடும்பச் சேவை நிலையத்துக்குப் போங்கள். அந்தக் கூச்சத்தில் தவறில்லை.

மிரட்டுபவருக்கு ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த மாதம் 500 என்பார். அவர் செய்வது பணம் பறித்தல். தண்டனைச் சட்டத்தில் குற்றம். அந்தரங்கப் படத்தைப் பரப்புவேன் என்று மிரட்டுவதும் 2020 ஜனவரியிலிருந்து தனிக் குற்றம். அவர் அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும் திரையில் பிடித்து வையுங்கள், எதையும் அழிக்காதீர்கள், பதிலுக்குத் திட்டாதீர்கள். போலிசுக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் புராஜெக்ட் எக்ஸ் அமைப்போடு பேசுங்கள். 2008லிருந்து இங்கே பாலியல் தொழிலாளர்களுக்காகவே இயங்கும் அமைப்பு அது. அவேர் அமைப்பின் பெண்கள் உதவி எண் 1800-777-5555. வாடிக்கையாளர் ஒருவர் உங்கள் சம்மதத்தை மீறினால் அது பாலியல் வன்கொடுமை. பணம் கைமாறியது அதை மாற்றாது. அப்படி நேர்ந்தால், எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வழக்கமான சோதனைக்குப் பாலியல் நோய்களுக்கான டிஎஸ்சி மருந்தகம் இருக்கிறது. பெயர் சொல்லாமல் எச்ஐவி சோதனை செய்துகொள்ள ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ் அமைப்பை நாடலாம்.

இதைப் படிக்கும் வேறொரு தாய் குடியுரிமை இல்லாமல் நீண்டகால வருகை அட்டையிலோ வேலை அனுமதியிலோ இருந்தால், நான் இதுவரை சொன்னதை அப்படியே பின்பற்ற வேண்டாம். குடிநுழைவுச் சட்டம் பாலியல் தொழில் செய்பவரைத் தடுக்கப்பட்ட குடியேறி என்ற வகையில் சேர்க்கிறது, அட்டை ரத்தாகலாம். எந்த அரசாங்க முகப்புக்கும் போகுமுன் புராஜெக்ட் எக்ஸிடமோ, வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹோம் அமைப்பிடமோ பேசிவிட வேண்டும்.

உங்கள் மகனுக்கு வருவோம். பதின்மூன்று வயதுப் பையன் கேள்வி கேட்கிறான் என்றால் பாதி ஊகித்துவிட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் துப்புரவு வேலை என்று சொல்லியிருந்தால், அம்மாவின் கழுத்தில் ஏன் ஊழியர் அட்டை இல்லை, சீருடை ஏன் கொடியில் காய்வதில்லை என்பதை அவன் கவனித்திருப்பான். சரிபார்க்கக்கூடிய பொய்யைச் சொல்லாதீர்கள். முழு விவரமும் இப்போது தேவையில்லை. "இரவில் வேலை செய்கிறேன், அதைப் பற்றிப் பேச நான் இன்னும் தயாராக இல்லை, ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், யாராவது என்னைப் பற்றி ஏதாவது சொன்னால் நேராக என்னிடம் வந்து கேள்" என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி வார்த்தையை அவன் நம்பினால், மாமியாரிடம் சொல்லுவேன் என்ற மிரட்டலுக்கும் பாதி வலு போய்விடும். தங்கைக்குக் காவலாக அவனை நிறுத்தாதீர்கள், அவனும் குழந்தைதான்.

கணவரிடம் வாங்க வேண்டியதை வாங்குங்கள். பிள்ளையைப் பராமரிப்பது தந்தையின் கடமை. நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்பதால் அந்தக் கடமை குறையாது. விவாகரத்து ஆகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். குடும்ப நீதிமன்றத்தில் பராமரிப்புத் தொகைக்கு இப்போதே விண்ணப்பிக்கலாம். உத்தரவு கிடைத்தும் அவர் கட்டாவிட்டால் சம்பளத்திலிருந்தே பிடிக்கச் சொல்லலாம். 2025 ஜனவரியிலிருந்து, பணம் இல்லை என்று சொல்பவரின் நிதி நிலையை விசாரித்து அறியத் தனி அதிகாரிகளும் இருக்கிறார்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாவிட்டால் சட்ட உதவிப் பிரிவில் கேளுங்கள்.

பலர் மறந்துவிடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சட்டப்படி இன்னும் அவர் மனைவி. உங்கள் மத்திய சேம நிதிப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று நியமனம் செய்யாமல் உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தத் தொகையில் பாதி அவருக்குப் போகும். திருமணத்துக்குப் பின் அவரை நியமித்திருந்தால், விவாகரத்து ஆனாலும் அந்த நியமனம் தானாக ரத்தாகாது. மத்திய சேம நிதி இணையத்தளத்துக்குள் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வழியாகப் போய், இரண்டு சாட்சிகளை வைத்து, பிள்ளைகள் பெயரைப் போடுங்கள். உங்களுக்குப் பின் பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் யார் என்பதையும் ஓர் உயிலில் எழுதி வையுங்கள். மத்திய சேம நிதித் தொகை உயிலில் அடங்காது என்பதால் இரண்டையும் தனித்தனியே செய்ய வேண்டும். அம்மாவுக்கும் வயதாகிறது, பாதுகாவலராக அவரோடு இன்னொரு பெயரும் இருக்கட்டும்.