ரீச்சருக்கு அன்பளிப்பு: கொடுப்பதா, விடுவதா?

கேள்வி: என் மகள் கொழும்பில் ஒரு அரச பாடசாலையில் தரம் 4 படிக்கிறாள். நத்தார் விடுமுறைக்கு முதல் வகுப்பு ரீச்சருக்கு அன்பளிப்புக் கொடுக்கவென்று பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் பிள்ளைக்கு 2,500 ரூபாய் சேர்க்கிறார்கள். ஒரு நல்ல சீலை, மிச்சத்துக்கு கிஃப்ட் வவுச்சர் என்று யோசனை. காசு கொடுத்த பிள்ளைகளின் பெயருக்கு நேரே பச்சைச் சரி போட்டு, இரண்டு நாளைக்கு ஒரு தடவை பட்டியல் வருகிறது. எங்களுக்கு இந்த மாதம் செலவு கையைக் கடிக்கிறது. ரீச்சர் நல்லவர், அவருக்கு ஏதாவது கொடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் கொடுக்காவிட்டால் மகளை ஒதுக்கிவிடுவாரோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அந்த 2,500 ரூபாயைக் கொடுக்க வேண்டாம், சகோதரி. ரீச்சருக்கு ஏதாவது கட்டாயம் கொடுங்கள். இரண்டும் வேறு வேறு காரியம்.

ரீச்சர் நல்லவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் பயத்துக்கு அவர் காரணமில்லை, அந்தப் பட்டியல்தான் காரணம். சேர்ந்து கொடுத்தால் சிறப்பாக இருக்குமே என்று யாரோ ஒரு தாய் நல்ல மனதோடுதான் இதைத் தொடங்கியிருப்பார். ஆனால் பச்சைச் சரி விழாத பெயர்கள் யாருடையவை என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டு வாடகை கட்டிவிட்டு மிச்சத்தை எண்ணிப் பார்க்கும் குடும்பம். புறக்கோட்டையில் கடையில் நிற்கும் தகப்பன். ஓட்டோ லீசிங் கட்ட முடியாமல் தவிப்பவர். இவர்கள் வீட்டு நெருக்கடியைக் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் போனில் பார்க்கிறார்கள். பெரியவர்களோடு நின்றாலும் பரவாயில்லை. அம்மாவின் போனை எட்டிப் பார்க்காத பிள்ளை உண்டா? மறுநாள் இன்டர்வலில், "உங்கட அம்மா இன்னும் காசு போடேல்லையாம்" என்று ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை இன்னொரு ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்லும். நினைக்கவே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. 1980 முதல் பாடநூலும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும், வகுப்புக்குள் எல்லாப் பிள்ளையும் ஒரே வெள்ளை உடுப்போடு ஒரே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். அதை ஒரு வட்ஸ்அப் பட்டியல் கெடுக்க விடலாமா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அரச பாடசாலை ஆசிரியர் அரச ஊழியர். தன் கடமையைச் செய்வதற்காகவோ ஒருவருக்குச் சலுகை காட்டுவதற்காகவோ அவர் எதையாவது வாங்கினால் அது இலஞ்சம். கொடுப்பவரும் குற்றவாளி. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பிள்ளை கொடுக்கும் வாழ்த்து அட்டைக்காக யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் முப்பது நாற்பது வீடுகளில் சேர்த்த காசில் வாங்கிய சீலையும் வவுச்சரும் அட்டையைப் போலச் சின்ன விஷயமில்லை. நாளைக்கு யாராவது முறைப்பாடு செய்தால் அதிபருக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் ரீச்சர். அவரை அந்த இடத்தில் நிறுத்துவது மரியாதையா?

குருவுக்குக் கொடுப்பது நம்முடைய பண்பாடுதானே என்று குழுவில் யாராவது சொல்லக்கூடும். உண்மைதான். விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது வெற்றிலையில் வைத்துத் தட்சணை கொடுக்கிறோம். ஒக்டோபர் 6, ஆசிரியர் தினத்தன்று சிங்களப் பிள்ளைகள் வெற்றிலை கொடுத்துக் காலில் விழுந்து வணங்குவதையும் பார்த்திருப்பீர்கள். அந்த வெற்றிலையில் எவ்வளவு இருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவர் பார்ப்பதில்லை. யார் வைக்கவில்லை என்று பெயர் வாசிப்பதும் இல்லை. பண்பாட்டைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர்களின் சம்பளம் போதாது என்பதும் உண்மை. 2021இல் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி மாதக்கணக்கில் ஒன்லைன் கற்பித்தலை நிறுத்திவைத்துப் போராடினார்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருந்தது. அந்தக் கடனை அடைக்க வேண்டியது அரசாங்கம். வருடத்துக்கு ஒரு சீலையால் அது தீராது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மகளை ஒரு தாளில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். பொதுவாக "நன்றி ரீச்சர்" என்று எழுதாமல், எந்தக் கணக்கு விளங்காமல் இருந்தது, ரீச்சர் எப்படி விளங்கப்படுத்தினார், எந்த நாள் அழுதபோது கூப்பிட்டுக் கதைத்தார் என்று எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், நீங்கள் கை வைக்க வேண்டாம். அதன் கீழே நீங்களும் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் பலகாரம் சுட்டால் ஒரு சின்னப் பெட்டியில் நாலைந்து வைத்துக் கொடுங்கள். மதிப்பெண் அறிக்கை கைக்கு வந்த பிறகு கொடுப்பது இன்னும் நல்லது. அப்போது அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்க யாராலும் முடியாது.

குழுவில் மறைந்திருக்கவும் வேண்டாம். "நாங்கள் இதில் சேரவில்லை, மகள் தன் கையால் ஒன்று கொடுப்பாள்" என்று ஒரே வரியில் போடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. அப்புறம் பட்டியல் போடும் அந்தத் தாய்க்குத் தனியாக ஒரு கோல் எடுத்து, பெயர்களை எடுத்துவிடும்படி கேளுங்கள். சேர்ந்துதான் கொடுப்போம் என்றால், விரும்பியவர் விரும்பியதைப் போட ஒரு உறை போதும். அதில் ஒரு பூங்கொத்தும் எல்லாப் பிள்ளைகளும் கையெழுத்திட்ட அட்டையும் வாங்கலாம்.

ஒருவேளை ரீச்சரே வாய் திறந்து கேட்டிருந்தால் என் பதில் வேறு. அப்போது அதிபரிடம் எழுத்தில் முறையிடுங்கள். அங்கே பலன் இல்லாவிட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.