ஜார்ஜ் வுட்ரஃப் ஒருவரா, இருவரா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஜார்ஜ் வுட்ரஃப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். 1923–27இல் அவர் ஜார்ஜியா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் என்கிறது ஒரு குறிப்பு. அதே ஆண்டுகளில் பென்சில்வேனியா மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) என்கிறது இன்னொன்று. எது சரி? 1896இல் அவருடைய பென்சில்வேனியா பல்கலைக்கழக அணி லஃபயெட் கல்லூரியிடம் 6–4 என்று தோற்றதாம். டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுசெல்வதற்கு) 6 புள்ளி என்றால் அந்த 4 எப்படி வந்தது?

பதில்: இரண்டு குறிப்பும் சரிதான், ஆள்தான் வேறு. ஜார்ஜியாக்காரர் 'கிட்' வுட்ரஃப். அட்டர்னி ஜெனரல், 1864இல் பிறந்து 1889இல் யேலில் பட்டம் பெற்ற ஜார்ஜ் வாஷிங்டன் வுட்ரஃப். இவர்தான் உங்கள் ஆள். வைலி வுட்ரஃப் என்று மூன்றாமவரும் உண்டு: பென்சில்வேனியாவில் கார்டாக (முன்வரிசை ஆட்டக்காரராக) ஆடி, 1897–98இல் கன்சாஸ் பயிற்சியாளரானவர். இவர் டபிள்யூ. ஜி., நம்மவர் ஜி. டபிள்யூ. பழைய செய்திகளில் முதலெழுத்துகளை நிதானமாகப் பாருங்கள்.

'பயிற்சியை விட்டு வக்கீலானார்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவர் பயிற்சியாளராக இருந்தது 1892 முதல் 1901 வரை. அங்கேயே சட்டப் பட்டம் வாங்கியது 1895இல். ஆட்டப் பருவம் இலையுதிர்காலத்தோடு முடிந்துவிடும், மற்ற மாதங்கள் படிப்புக்கு. யேலில் உடன் படித்த கிஃபர்ட் பின்ஷோ, அமெரிக்க வனத்துறைத் தலைவரானபோது இவரைச் சட்ட அதிகாரியாக வைத்துக்கொண்டார். 1923இல் பென்சில்வேனியா ஆளுநரானதும் அட்டர்னி ஜெனரலாக்கினார். இடையில் ஹவாயில் கூட்டாட்சி நீதிபதி. ஹவாய் அப்போது மாநிலம் அல்ல, ஆட்சிப்பகுதி. ஆகவே அது ஆயுள் பதவியும் அல்ல.

6–4 அச்சுப்பிழை இல்லை. 1897 வரை டச்டவுனுக்கு 4, அதன்பின் உதைக்கும் கோலுக்கு 2. லஃபயெட் இரண்டையும் எடுத்தது. பென்சில்வேனியா உதையைத் தவறவிட்டது. 1898இல் அது 5, 1 என மாறியது. டச்டவுனுக்கு 6 வந்தது 1912இல்தான். இன்றைய கணக்கில் பழைய ஸ்கோரைப் பிரித்தால் தப்பாகத்தான் வரும்.

அவருடைய 'கார்ட்ஸ் பேக்' உத்திக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். முன்வரிசையில் நிற்க வேண்டிய இரண்டு கார்டுகளையும் பின்னால் இழுத்து நிறுத்துவார். பந்து வந்ததும், அணியிலேயே கனமான அந்த இருவரும் ஓடிவரும் வேகத்தோடு முன்னே சென்று இடித்து வழி பிளப்பார்கள். அன்று பந்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ள மூன்று முயற்சிகளில் 5 கெஜம் போனால் போதும் என்பதால் இந்த இடியே கைகொடுத்தது. ஏழு பேர் முன்வரிசைக் கோட்டிலேயே நிற்க வேண்டும் என்ற விதி 1910இல் வந்ததும் இதற்கு இடமில்லாமல் போனது.

வெற்றி–தோல்வி–சமன் கணக்கில் 124–15–2 என்பது பென்சில்வேனியா மட்டும். இல்லினாய் (1903) 8–6, கார்லைல் (1905) 10–4 இரண்டையும் சேர்த்தால்தான் 142–25–2 வரும்.