பின் சீட்டில் ஆள் இல்லாமல் கிளம்புகிறவர்களுக்கு

மே மாதம் நெருங்கினால் போதும், பைக்கில் லடாக் போவது பற்றிய கேள்விகள் வந்து குவியும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் தனியாகப் போகிறவர்களுடையது. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

நான்கு வருடமான ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 பைக், 31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஜூலையில் திருப்பூரிலிருந்து லே போகிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள் ஜெனரல் சர்வீஸ் விட்டால் போதுமா?

சர்வீஸ் சரி, முந்தின நாள் என்பதுதான் தப்பு. இரண்டு வாரம் முன்பே விடுங்கள். வண்டியை எடுத்த பிறகு ஊட்டியோ ஏற்காடோ ஒரு 300 கி.மீ. ஓட்டிவிட்டு வாருங்கள். ஒருமுறை நான் சாயங்காலம் சர்வீஸிலிருந்து வண்டியை எடுத்து, மறுநாள் விடிகாலையில் பெங்களூர் பக்கம் கிளம்பினேன். தொப்பூர் கணவாயில் ஏறும்போது இடது பூட்ஸ் வழுக்கியது. குனிந்து பார்த்தால் இன்ஜின் ஆயில். ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டைக் கையால் திருகியதோடு விட்டிருக்கிறார்கள். சர்வீஸில் வரும் கோளாறு முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். அது வீட்டுக்குப் பக்கத்தில் தெரியட்டும்.

போக வர 7,000 கி.மீ.க்கு மேல் ஆகும். இன்றைக்கு எது நன்றாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள். இன்னும் 7,000 தாங்குமா என்று பாருங்கள். பாதி தேய்ந்த பின் டயர் தாங்காது. செயின் ஸ்ப்ராக்கெட் வண்டியோடு வந்ததே என்றால் செட்டாக மாற்றுங்கள். நான்கு வருட பேட்டரி இதுவரை ஓடியதே பெரிய விஷயம், மாற்றிவிடுங்கள். பிரேக் பேடு புதிதாகப் போட்டு, பழையதைத் தூக்கிப் போடாமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு பழைய தந்திரம்: புது கிளட்ச் கேபிளை, ஓடிக்கொண்டிருக்கும் கேபிளின் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டிவைத்துவிடுங்கள். அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றி மாட்டுவது மட்டும்தான் வேலை.

செயினைத் தினமும் ராத்திரி லாட்ஜில் நிறுத்தியதும், சூடாக இருக்கும்போதே துடைத்துச் செயின் ஆயில் அடியுங்கள். காலையில் செய்யலாம் என்று வைத்தால் செய்ய மாட்டீர்கள்.

என் வண்டி ஸ்போக் வீல், டியூப் டயர். வழியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது? இந்த ஒரு பயத்தால்தான் போகாமல் இருக்கிறேன்.

நியாயமான பயம். டியூப்லெஸ்காரர்களுக்கு இது பத்து நிமிட வேலை: ஆணியைப் பிடுங்கு, ஓட்டையை அரத்தால் துருவு, பசை தடவிய ஸ்ட்ரிப்பைச் சொருகு, காற்றடி. (ஸ்ட்ரிப்பைக் கையில் எடுத்துத் தயாரான பிறகுதான் ஆணியைப் பிடுங்க வேண்டும். பார்த்தவுடன் பிடுங்கிவிட்டுப் பிறகு கிட்டைத் தேடுகிறவர்கள்தான் அதிகம்.) டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அவர்களுக்கும் ஸ்ட்ரிப் உதவாது.

டியூப் டயரில் சக்கரத்தையே கழற்ற வேண்டும். ரோட்டோரத்தில் டியூபை ஒட்டிக்கொண்டிருக்காமல், புது டியூபை உள்ளே போட்டுவிட்டு, பழையதை அடுத்த ஊரில் பஞ்சர் கடையில் ஒட்டி வாங்கிக்கொள்வதுதான் என் வழக்கம். ஆகவே முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு டியூப், இரண்டு அல்லது மூன்று டயர் லீவர், ஆக்ஸில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், ஒரு காற்றுப் பம்ப். ஸ்பேனரை உங்கள் வண்டியில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் சொல்லை நம்பாதீர்கள்.

இதையெல்லாம் வாங்கி வைத்தால் மட்டும் போதாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் பின்சக்கரத்தை நீங்களே கழற்றி, டியூபை மாற்றி, திரும்ப மாட்டுங்கள். முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆகும், விரலில் தோல் உரியும். டயரின் ஓரம் ரிம்மை விட்டு நகரவே நகராது. ஏறி நின்று மிதிக்க வேண்டும், சோப்புத் தண்ணீர் விட வேண்டும். திரும்ப மாட்டும்போது லீவர் டியூபைக் கடித்து, புது டியூபிலேயே ஓட்டை விழும். எனக்கு முதல் இரண்டு முறையும் விழுந்தது. டியூபில் கொஞ்சம் காற்றை ஏற்றி உருண்டையாக்கி வைத்துக்கொண்டு மாட்டினால் கடிக்காது. புது டியூபைப் போடும் முன் டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் துடையுங்கள். முள் அங்கேயே இருந்தால் அரை மணியில் மறுபடி உட்கார வேண்டியதுதான். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தில் முடிப்பீர்கள்.

மூன்றாவது தடவை டார்ச் வெளிச்சத்தில் செய்து பாருங்கள். தனியாகப் போகும்போது டார்ச் பிடிக்க ஆள் இருக்காது. அதனால் கைவிளக்கு வேண்டாம், தலையில் மாட்டும் விளக்கு வாங்குங்கள். என் பையிலிருந்து ஒரே ஒரு பொருளைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் அதைத்தான் வைத்துக்கொள்வேன்.

தினமும் 900 கி.மீ. ஓட்டினால் சென்னை-டெல்லி இரண்டரை நாளில் முடிந்துவிடும்தானே?

கணக்கில் முடியும். நெடுஞ்சாலையில் 80-இல் ஓட்டினாலும், பெட்ரோல், சாப்பாடு, டீ, ஊருக்குள் நெரிசல் எல்லாம் சேர்ந்தால் சராசரி 50-ஐத் தாண்டுவது கஷ்டம். 900 கி.மீ. என்றால் 18 மணி நேரம். முதல் நாள் ஓட்டிவிடுவீர்கள், உற்சாகம் ஓட்டிவிடும். இரண்டாம் நாள் நாக்பூர் தாண்டி மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஏறும்போது கண் சொருகும். பின்னால் ஒரு ஆள் இருந்தால் தோளைத் தட்டுவார். தனியாகப் போகிறவருக்குத் தூக்கம் வந்ததே தெரியாது.

400 முதல் 500 வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் கிளம்பி, மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் எங்காவது படுத்து எழுந்து, இருட்டும் முன் அறைக்குப் போய்விடுங்கள். ராத்திரி ஓட்டுவதற்கு நான் எதிரி. கரும்பு விளையும் பகுதிகளில் பின்விளக்கே இல்லாமல் டிராக்டர் போகும். லோடு டயரை விட அகலமாகத் துருத்திக்கொண்டிருக்கும். டிசம்பர், ஜனவரியில் வடக்கே மூடுபனி வேறு. ஐந்தாறு நாளுக்கு ஒரு நாள் வண்டியைத் தொடாமல் இருங்கள், துணி துவைக்கவாவது ஆகும்.

எக்ஸ்பிரஸ்வேயில் போனால் நேரம் மிச்சமாகுமா?

பல எக்ஸ்பிரஸ்வேக்களில் பைக்கை விடவே மாட்டார்கள். மும்பை-புனே, டெல்லி-மும்பை இரண்டிலும் இரு சக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லை. பெங்களூர்-மைசூர் சாலையின் முக்கியப் பாதையிலும் 2023 ஆகஸ்ட் முதல் தடை. பக்கத்து சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். மேப்பில் கார் பாதையை வைக்காமல் பைக் பாதையை வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை டோலில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது, இடது ஓரச் சந்தில் நுழைந்து போய்க்கொண்டே இருக்கலாம்.

மணாலி வழியாக லே போவதா, ஸ்ரீநகர் வழியாகவா? உயரத்தில் வண்டிக்கு மூச்சு வாங்கும் என்கிறார்களே?

ஸ்ரீநகர் வழியாக ஏறுங்கள், மணாலி வழியாக இறங்குங்கள். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், இடையில் தங்கும் கார்கில் 2,700-க்குள், லே 3,500. படிப்படியாக ஏறுவதால் உடம்பு பழகிக்கொள்ளும். மணாலியோ 2,000 மீட்டர். அங்கிருந்து கிளம்பி அன்றைக்கு ராத்திரியே 4,200-க்கு மேலிருக்கும் சார்ச்சுவில் கூடாரத்தில் படுத்தால், தலைவலியும் வாந்தியுமாக விடியும். தனியாக இருப்பவருக்கு இது தலைவலியோடு நிற்பதில்லை. கால் தடுமாறுவதையும் பேச்சு குழறுவதையும் தானே கண்டுபிடிக்க முடியாது. அப்படி ஒரு சந்தேகம் வந்தால், பக்கத்து கூடாரக்காரரிடம் சொல்லிவிட்டு அவர் துணையோடு கீழே இறங்குங்கள். மேலே ஏறவே ஏறாதீர்கள். லே போனதும் இரண்டு நாள் சும்மா இருங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். மணாலி சாலையில் வரும் தங்லாங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி பெட்ரோல் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும், இழுவை மட்டும் குறையும். பழைய கார்புரேட்டர் வண்டியில் காற்று குறைந்தும் பெட்ரோல் அதே அளவு வருவதால் ஸ்பார்க் பிளக் கறுத்துப் போகும். ஒரு உபரி பிளக் வைத்துக்கொண்டு, லோ கியரில் ஏற்றுங்கள்.

மணாலி பக்கம் தண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் "அடுத்த பங்க் 365 கி.மீ." என்ற பலகை பிரபலம். 13 லிட்டர் டேங்க் ஊர்க் கணக்கில் தாங்கும், மலைக் கணக்கில் இழுபறிதான். ஐந்து லிட்டர் கேன் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று: தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. கிளம்பும் முன் போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள்.

நான் பெண், உயரம் 5 அடி 2 அங்குலம். வண்டி 195 கிலோ. தனியாகப் போனால் சாய்ந்துவிட்டால் எப்படித் தூக்குவது? கழிப்பறைக்கு என்ன செய்வீர்கள்?

தூக்குவதற்கு உயரமும் கை பலமும் வேண்டாம். இன்ஜினை அணைத்து, கியரில் போடுங்கள், உருளாது. வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் சாயும். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் ஓரத்தில் இடுப்பை ஒட்டி உட்காருவது போலக் குனிந்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு காலால் தள்ளிப் பின்னோக்கி நடங்கள். மண் தரையில் பழைய மெத்தையைப் போட்டு வண்டியைச் சாய்த்துப் பழகுங்கள். சாமான் கட்டியிருந்தால் முதலில் அவிழ்த்துவிட வேண்டும். சட்டென்று கழற்ற வராத பையை வாங்காதீர்கள்.

கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்குகள்தான். வாடிக்கையாளருக்குக் கழிப்பறை, குடிநீர், காற்று மூன்றையும் இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. பூட்டியிருந்தால் தயங்காமல் சாவி கேளுங்கள். பாதி டேங்க் ஆனதுமே பெரிய பங்காகப் பார்த்து நிறுத்துங்கள், இரண்டு வேலையும் முடியும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவதுதான் ஆபத்து. போகிற இடத்தை உடனுக்குடன் ஊருக்கெல்லாம் அறிவிக்காதீர்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் லைவ் லொக்கேஷன் கொடுங்கள். "தனியாவா போறே?" என்று வழியில் கேட்கிறவரிடம், நண்பர்கள் அடுத்த பங்கில் காத்திருக்கிறார்கள் என்று பொய் சொல்வதில் பாவமில்லை. அவசரத்துக்கு 112, தேசிய நெடுஞ்சாலையில் 1033.

நண்பனின் பைக்கை வாங்கிக்கொண்டு போகலாமா?

போகலாம், ஆனால் இன்சூரன்ஸில் ஒரு ஓட்டை இருக்கிறது. பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு வண்டியின் உரிமையாளருக்குத்தான், உங்களுக்கில்லை. உங்கள் பெயரில் தனியாக விபத்துக் காப்பீடு எடுங்கள். நண்பரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். பாலிசியோ பொல்யூஷன் சர்டிபிகேட்டோ பயணத்தின் நடுவில் காலாவதி ஆகிறதா என்று பாருங்கள்.

லீவு பத்து நாள்தான். பைக்கை ரயிலில் அனுப்பிவிட்டு அங்கிருந்து ஓட்டலாமா?

தாராளமாக. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் போகும் அதே ரயிலில் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் போடலாம், அல்லது முன்கூட்டியே பார்சலாக அனுப்பலாம். ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல் வேண்டும். டேங்கில் பெட்ரோல் துளிகூட இருக்கக் கூடாது. ஸ்டேஷன் வாசலிலேயே கோணியும் வைக்கோலும் சுற்றிக் கட்டித் தருகிறவர்கள் இருப்பார்கள். கண்ணாடிகளை முன்பே கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். பார்சல் சொன்ன நாளில் வராமலும் போகலாம், ஒரு நாள் கூடுதலாக வைத்துத் திட்டமிடுங்கள். இறங்கும் ஊரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பங்க் எங்கே என்று இப்போதே மேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.